உள்ளே பூஜ்யம்

திரையில் பச்சையாக ஒரு பூஜ்யம் விழுந்தது. கிடங்குக்குள் இப்போது யாரும் இல்லை என்று அர்த்தம்.

தெமெனுகா 'காலி' என்ற கட்டத்தைத் தொட்டாள். கீழே முற்றத்தில் நின்ற மருந்துக்காரர் மின்கோவின் கைப்பேசிக்குத் தகவல் போனது. அவர் அண்ணாந்து பார்த்துக் கையசைத்துவிட்டு முகமூடியை மாட்டிக்கொண்டார்.

ப்ளோவ்திவ் நகருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரம் இருந்தது அந்தப் புகையிலைக் கிடங்கு. இலையில் வண்டு விழாமல் இருக்க, அவ்வப்போது மூன்று கூடங்களையும் அடைத்து மருந்து வைப்பார்கள். மின்கோ தட்டுத் தட்டாக மாத்திரைகளைப் பரப்பி, கதவிடுக்குகளில் நாடா ஒட்டுவார். மாத்திரை காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து, நிதானமாக வாயுவைக் கக்கும். வண்டு சாகும். முட்டை சாகும். மூச்சு விடுகிற எதுவும் சாகும்.

அதற்காகத்தான் அந்தப் பூஜ்யம்.

உள்ளே எத்தனை பேர் என்று எண்ணுவதும், யாருக்கு எந்த ஷிப்ட் என்று போடுவதும் ஒரு செயலியின் வேலை. தலைமை அலுவலகம் எங்கிருந்தோ வாங்கி அனுப்பியது. கிடங்குப் பெண்கள் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேட்டது கொடுக்காது, காரணம் சொல்லாது, தானும் தூங்காது. மாமியார் போட்ட ஷிப்டை அறிவிப்பதும், அதற்கான வசவை வாங்கிக்கொள்வதும் தெமெனுகாவின் உத்தியோகம்.

அன்று குருத்தோலை ஞாயிறு. அங்கே அது பூ ஞாயிறு. பூ, செடி, மரம் எதன் பெயர் வைத்திருந்தாலும் அவர்களுக்கு அன்று பெயர்நாள். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. ஜனம் தானாக வந்துவிடும். வாசலில் வில்லோ மரக்கிளைக் கொத்து, மேஜையில் வறுத்த மீன், வரவேற்க வீட்டுக்காரர். இதில் மீன் தீய்ந்தால்கூட மன்னிப்பு உண்டு. வீட்டுக்காரர் இல்லையென்றால் வருஷம் முழுக்கப் பேச்சு.

கிடங்கில் பாதிப் பேர் பூக்கள். இக்லிகா, நெவேனா, மரத்தின் பெயர் கொண்ட யாவோர், ஏன், தெமெனுகாவும்தான். விடுப்பு கேட்ட அத்தனை பூக்களுக்கும் மாமியார் ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருந்தது: மறுக்கப்பட்டது.

மின்கோ மருந்து வைத்து முடிக்கும் நேரம், வீட்டில் விருந்தாளிகள் இரண்டாவது புட்டியைத் திறந்துவிட்டதாகக் கணவன் செய்தி அனுப்பியிருந்தான். தெமெனுகா கோட்டை எடுத்தாள். அப்போது இன்னொரு செய்தி வந்தது. இக்லிகா அனுப்பிய படம்.

தலையில் வில்லோ வளையம், கையில் கோப்பை, கன்னம் சிவக்கச் சிரிப்பு. பின்னால் அவள் வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். தட்டுகளில் மீன் போய் முள் மட்டும் கிடந்தது.

தெமெனுகா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

இக்லிகாவுக்குக் காலை ஷிப்ட். அவள் வெளியே போனதாகத் திரை காட்டி முக்கால் மணி நேரம்தான் ஆகிறது. அவள் வீடோ தள்ளி, அசெனோவ்கிராத் என்ற ஊரில். இந்நேரம் பேருந்திலிருந்து இறங்கியிருந்தாலே அதிசயம். முள் வரை சாப்பிட்டு முடித்தது எப்படி?

அழைத்தாள். பாட்டும் கைதட்டலும் காதில் இரைந்தன.

"அக்கா, நீ இன்னும் கிளம்பலயா? மாமியார் விடலயா?"

"இக்லிகா, இன்னிக்கு வேலைக்கு வந்தியா?"

பாட்டுச் சத்தம் தள்ளிப்போனது. அறைக்கதவைச் சாத்தியிருக்க வேண்டும்.

"கோவிச்சுக்காத அக்கா. என் அட்டைய ருஸ்காகிட்ட குடுத்தேன். அவ பேருல பூவும் இல்ல, இலையும் இல்ல. ஈஸ்டருக்கு அவளுக்கு லீவு வேணும், அன்னிக்கு நான் அவளுக்காக நிப்பேன். கொடுக்கல் வாங்கல் அவ்ளோதான்."

ஆக, உள்ளே வேலை பார்த்தது ருஸ்கா. மாமியார் கணக்கில் அவளுக்கு இன்று ஓய்வு நாள். சரி, இக்லிகாவின் அட்டைதான் வெளியே போய்விட்டதே, ருஸ்காவும் போயிருப்பாள். தெமெனுகா தன்னைத் தேற்றிக்கொண்டு ருஸ்காவை அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை.

நெவேனாவும் ருஸ்காவும் ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள். அவளை அழைத்து, ருஸ்கா வீடு திரும்பினாளா என்று கேட்டாள். நெவேனா இழுத்தாள். வீட்டுக் கதவு நேற்றிலிருந்து பூட்டிக் கிடக்கிறதாம். நேற்று மத்தியானம் ருஸ்காவின் சொந்த ஷிப்ட். அது முடிந்ததும் இரவு ஷிப்ட், அது நெவேனாவுடையது. நெவேனா மீன் வாங்கிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்ததால் அதையும் ருஸ்காவே பார்த்தாள், நெவேனாவின் அட்டையோடு.

ருஸ்கா, நெவேனா, இக்லிகா என்று மூன்று பேர் மூன்று ஷிப்ட் பார்த்ததாகத் திரை சொன்னது. பார்த்தது ஒரே உடம்பு. நேற்று மத்தியானத்திலிருந்து படுக்காத உடம்பு.

அடுத்து யாவோரை அழைத்தாள். காலை ஷிப்டில் கடைசியாகப் போனவன் அவன். அட்டையின் கயிறு பொதி அழுத்தும் இயந்திரத்தில் சிக்கும் என்பதால், யாரும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போவதில்லை. வாசலில் வரிசையாக அடித்த ஆணிகளில் தொங்கவிட்டுவிட்டுப் போவார்கள். திரும்பும்போது அவரவர் அட்டையை அவரவர் தேய்க்க வேண்டும். அது சட்டம். கடைசி ஆள் எல்லாவற்றையும் சேர்த்துத் தேய்த்துவிடுவது வழக்கம்.

"ஆணியில எத்தன அட்டை இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"எண்ணலக்கா. வீட்ல மச்சான்காரங்க வந்து உக்காந்துட்டாங்க. கொத்தா எடுத்துத் தேச்சுட்டு ஓடியாந்துட்டேன். ஏன், எதாவது தொலைஞ்சுபோச்சா?"

உடை மாற்றும் அறைக்கு ஓடினாள். ருஸ்காவின் பெட்டியில் பூட்டு இல்லை. உள்ளே கோட்டு தொங்கியது. கீழே தெருச் செருப்பு, ஜோடியாக. கோட்டுப் பையில் கைப்பேசி ஒளிர்ந்தது. மாமியாரின் செய்தி.

'ருஸ்கா, நீங்கள் போதுமான ஓய்வு எடுத்துவிட்டீர்கள். நாளைக் காலை ஷிப்ட் உங்களுக்கு.'

வெளியே நாடாவைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. இரண்டாம் கூடத்தின் கதவில் மின்கோ கடைசிப் பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தார்.

படியில் இறங்கியபடியே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, மேலாளர் தெல்செவ்வை அழைத்தாள். கூடத்தைத் திறந்தால் மருந்து வீண், சரக்கு அனுப்பும் தேதி தவறும், இயக்குநர் உத்தரவில்லாமல் முடியாது என்றார். உள்ளே ஆள் இருக்கிறது என்றாள். யார் என்றார். ருஸ்கா என்றாள். சற்று நேரம் விசைப்பலகை தட்டும் ஒலி.

"அவ இன்னிக்கு லீவு. உள்ள பூஜ்யம்னு போட்டிருக்கே. நீதானே காலின்னு அழுத்தினே?"

ஆமாம், நான்தான் அழுத்தினேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் மின்கோவின் முகம் வெளிறியது. மருந்து வைக்கும் முன் கூடங்களைச் சுற்றி வந்தாராம், கூப்பிட்டுப் பார்த்தாராம். பொதிகளுக்குப் பின்னால் ஒவ்வொரு சந்தாக யார் போய்ப் பார்ப்பது, அதற்குத்தானே திரை இருக்கிறது?

"எந்தக் கூடம்? சொல்லும்மா. மூணுலயும் தேடிட்டிருக்க முடியாது."

வாசலில் மட்டும்தான் அட்டை தேய்ப்பது. உள்ளே யார் எங்கே என்று மாமியாருக்கே தெரியாது. தெமெனுகா கண்ணை மூடினாள். தூக்கம் தாங்காத ஒருத்தி எங்கே போவாள்? பெண்கள் தங்களுக்குள் 'அடுப்படி' என்று சொல்லும் மூலை ஒன்று உண்டு. இரண்டாம் கூடத்தின் கோடியில், இலையை இளக்க நீராவி போகும் குழாயின் பக்கம். பழைய சாக்குகள் மெத்தை மாதிரி கிடக்கும். இரவு ஷிப்டில் முதுகு நோகும்போது மாற்றி மாற்றிச் சாய்வார்கள்.

"ரெண்டு. நீராவிக் குழாய்கிட்ட."

மின்கோ நாடாவைப் பிய்க்கத் தொடங்கினார். பிய்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"சூடும் ஈரமும் இருக்கற எடத்துலதான் இது மொதல்ல கிளம்பும்."

அவருடைய உதவியாள் மருந்து வைத்த கையோடு வேனில் போய்விட்டான். இருந்த இன்னொரு முகமூடியை அவளே மாட்டிக்கொண்டாள். வார் காதை அறுத்தது. மின்கோ ஒருமுறை இழுத்துச் சரிபார்த்தார். வாயு முகமூடிக்குள் கசிந்தால் பூண்டு நாற்றம் அடிக்கும், அது தெரிந்த நொடியே திரும்பி ஓட வேண்டும், யாருக்காகவும் நிற்கக்கூடாது என்றார். அவள் தலையாட்டினாள்.

உள்ளே விளக்கு இல்லை. மின்கோவின் கைவிளக்கு வெளிச்சத்தில் பொதிகள் சுவர் சுவராக எழுந்து நின்றன. தன் மூச்சே தன் காதில் யாரோ துரத்துவது போலக் கேட்டது. ஒவ்வொரு வரிசையின் முனையிலும் ஒரு தட்டு, அதில் வெள்ளை மாத்திரைகள், ஒன்றும் அறியாத சாது மாதிரி. வெளியே இருந்த வரிசைகளில் அவை அப்படியே இருந்தன. உள்ளே போகப் போக ஓரங்கள் உதிர்ந்திருந்தன. கோடியில் இருந்த தட்டில் மாத்திரைகள் சாம்பலாய்ப் பூத்திருந்தன.

அடுப்படியில் சாக்குகள் மட்டும் கிடந்தன.

தெமெனுகா சுற்றிலும் பார்த்தாள். இடம் தப்பா? ஒன்றாம் கூடமா, மூன்றா? மின்கோ விளக்கைத் திருப்பினார். சாக்குக் குவியலின் அடியிலிருந்து ஒரு காலுறை நீட்டிக்கொண்டிருந்தது. குளிருக்காகவோ, யாரும் பார்த்துவிடக் கூடாது என்றோ, மேலே நாலைந்து சாக்குகளை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள் ருஸ்கா.

முகம் மெழுகு மாதிரி இருந்தது. தெமெனுகா கன்னத்தில் அறைந்தாள். அசையவில்லை. மின்கோ அவளைச் சாக்கோடு சேர்த்து இழுத்தார். தெமெனுகா கால்களைப் பிடித்துக்கொண்டாள். கதவு இருந்த பக்கம் வெளிச்சக் கோடு ஒன்று தெரிந்தது. அது கிட்டே வரவே இல்லை. முகமூடியின் ஓரத்தில் மெல்லிசாகப் பூண்டு வாசனை. ஓடு என்றது உடம்பு. அவள் பிடியை இறுக்கினாள்.

முற்றத்து வெயிலில் போட்டதும் ருஸ்கா உடலை முறுக்கி வாந்தி எடுத்தாள். மின்கோ அவளைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ஆம்புலன்ஸின் ஒலி தூரத்தில் கேட்டது. ருஸ்காவின் கண் கொஞ்சம் திறந்தது. தெமெனுகாவை அடையாளம் கண்டு, எழப் பார்த்தாள்.

"அக்கா... இப்ப நான் யாரு?"

புத்தி பிசகிவிட்டது என்று மின்கோ பயந்தார். தெமெனுகாவுக்குப் புரிந்தது. எந்த அட்டையில் இருக்கிறோம், யார் பெயருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவள் மறந்துபோயிருந்தாள்.

"ருஸ்கா. நீ ருஸ்காதான். படு."

ஆஸ்பத்திரி நடையில் தெல்செவ் காத்திருந்தார். இருதயத்தை இந்த வாயு எப்போது வேண்டுமானாலும் பிடிக்கும், விடியும்வரை ஒன்றும் சொல்வதற்கில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனதும், அவர் தெமெனுகாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். ஓய்வு நாளில் அனுமதி இல்லாமல் ருஸ்கா உள்ளே நுழைந்தாள் என்று சொன்னால் போதும்; நாலு பேர் வேலை தப்பும், அதில் தெமெனுகாவின் வேலையும் ஒன்று. கணக்கில் இருக்கும் பூஜ்யத்தை அவள் மாற்றாமல் விட்டுவிட்டால், பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும்.

அவள் மடியில் ருஸ்காவின் கோட்டு இருந்தது. அதன் பையில் கைப்பேசி அடித்தது. ஸ்பெயினில் இருக்கும் மகள். ஈஸ்டருக்குக் கைக்குழந்தையோடு வருவதாக இருந்தவள். ருஸ்கா இன்னும் பார்க்காத குழந்தை.

தெல்செவ் வேண்டாம் என்பது போலக் கையை நீட்டினார். தெமெனுகா எடுத்தாள்.

"அம்மா ஏன் போனே எடுக்கல? இன்னிக்கு லீவுன்னுதானே சொன்னா?"

"லீவு இல்லம்மா," என்றாள் தெமெனுகா, தெல்செவ்வின் முகத்தைப் பார்த்தபடி. "நேத்து மத்தியானத்துலேர்ந்து வேலையிலதான் இருந்தா. மூணு பேரோட வேலை. உள்ள யாரும் இல்லன்னு அழுத்திட்டு, நான்தான் கதவ அடைக்கச் சொன்னேன். இப்ப ஆஸ்பத்திரியில இருக்கா. நீ ஒடனே கிளம்பி வா."