முதுகில்லாத சட்டை

விடியும் முன்பே அந்த முதியோர் இல்லத்தின் மாடியில் வசவு தொடங்கிவிடும்.

"லோடு மேல கை வச்சே, கொன்னு போட்டுருவேன்டா திருட்டு நாயே!"

லாரிக்காரர் விழித்துக்கொண்டார் என்று அர்த்தம். ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். நினைவு குழம்பியதிலிருந்து கட்டில்தான் அவருக்கு வண்டி. கிட்டே வருகிறவனெல்லாம் வழிப்பறிக்காரன். நெட்டையனை மட்டும் தன் கிளீனர் என்று நினைத்திருந்தார். அதனால் அடி ஒன்றும் குறையவில்லை. கிளீனரை அடிக்காத டிரைவர் உண்டா?

நெட்டையனும் அவன் பெண்சாதியும் அங்கே ஆள் தூக்குகிறவர்கள். புருஷனின் தோளுக்குக்கூட எட்டாத அவளைக் கட்டைச்சி என்றார்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் என்பது அந்த வேலையின் தர்மம். ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் துடைக்க வேண்டும். மூத்திரம் ஊறிய விரிப்பை உருவி, பினாயில் நெடியில் கண் எரிய எரிய, கனத்துக் கிடக்கும் உடம்பைத் திருப்ப வேண்டும். அவன் "ஒண்ணு" என்பான், அவள் "ரெண்டு" என்பாள், அடுத்த மூச்சில் உடம்பு எழும்பும். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் சண்டையில்லாமல் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் என்று சமையல்காரம்மா கேலி செய்வாள்.

பிறகு முதலாளி வேலையாட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். புருஷனுக்கு மாடி, பெண்சாதிக்குக் கீழ்த்தளம் என்று ஆயிற்று.

"ஒத்தை ஆளா திருப்பினா முதுகு பிஞ்சிடும் முதலாளி" என்றான் நெட்டையன்.

"யார் முதுகு?"

"ரெண்டு பேர் முதுகும்தான்."

"முரண்டு பிடிச்சா கட்டிப் போடு. பெத்த புள்ளையே கேக்கல, உனக்கென்னடா நோவுது?"

பழைய போர்வையைக் கிழித்த பட்டைகள் மாடிக்கு வந்தன. கிழவர்களின் கைகள் கட்டில் கம்பியோடு சேர்ந்தன.

பெற்ற பிள்ளை வேறொரு நாட்டில் இருந்தான். அப்பாவை இங்கே சேர்த்ததெல்லாம் போனிலேயே. அவன் பார்த்ததெல்லாம் கீழே திரை போட்ட ஓர் அறை, ஒரு பூச்செடி, ஒரு சக்கர நாற்காலி. நாற்காலி அசையாதிருக்கச் சக்கரங்களுக்கு அடியில் செங்கல். ஞாயிறு காலையில் கிழவரை அதில் உட்காரவைத்துப் போனில் காட்டுவார்கள். அதற்கென்றே சட்டைகள் இருந்தன. கழுத்துப்பட்டையிலிருந்து அடிவரை முதுகுப்பக்கத்தைக் கிழித்தெடுத்த முழுக்கைச் சட்டைகள். முன்னாலிருந்து மாட்டிவிட்டால் கட்டின தழும்பு சட்டைக்கைக்குள் மறைந்துவிடும். பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருப்பார்.

அந்த ஞாயிறு, நெட்டையன் கொதிநீர் வாளியோடு மாடிக்குப் போனான். பச்சைத்தண்ணீர் ஊற்றி விளாவவில்லை, அதற்குள் கீழிருந்து முதலாளி கத்தினார்: "லைன்ல வந்துட்டான்டா! சட்டையை மாட்டித் தூக்கிட்டு வா!"

அவசரத்தில் நெட்டையன் இரண்டு கைக்கட்டையும் ஒன்றாக அவிழ்த்துவிட்டான். இரண்டு பேர் இருந்த காலத்தில் யாரும் செய்யாத காரியம். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த முஷ்டி அவன் தொண்டையில் இறங்கியது. அவன் தடுமாற, கிழவர் கட்டிலிலிருந்து சரிந்தார். முகம் கம்பியில் மோதிற்று, கால் வாளியை உதைத்தது. நெட்டையன் நடுவில் பாய்ந்து விழுந்தான். கிழவர் மேல் ஒரு சொட்டுப் படவில்லை. மொத்தத்தையும் இவன் நெஞ்சிலும் வயிற்றிலும் வாங்கிக்கொண்டான்.

கட்டைச்சி ஓடிவந்து பனியனைக் கழற்றியபோது தோலும் சேர்ந்து வந்தது. "பெரியப்பா காலைப் பாரு, பட்டுச்சா?" என்றான். அவள் காதால் கேட்ட கடைசிப் பேச்சு அது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று.

எரித்த சாம்பல் ஆறுவதற்குள் முதலாளி ஆள் அனுப்பினார். கிழவரின் கன்னம் கறுத்து வீங்கியிருந்தது. பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

"உன் புருஷன் அடிச்சுட்டான்னு சொல்லிடு. செத்தவனுக்கு என்ன போகப்போகுது?"

"செத்தவருக்கு மானமில்லையா முதலாளி?"

"இருக்கிறவளுக்கு வயிறு இருக்கில்ல?"

அவள் கிழவருக்குச் சட்டையை மாட்டி, நாற்காலியில் வைத்தாள். எதிரே மேஜையில் நிறுத்திவைத்த போனில் பிள்ளையின் முகம் தெரிந்தது. தலையில் ஹெல்மெட், பின்னால் மலையாகப் பெட்டிகள். அங்கே அவனும் சுமை தூக்குகிறவன்தான். அடித்தவன் செத்துப்போனான் என்று முதலாளி முன்பே அவனுக்குக் கதை கட்டிவிட்டிருந்தார்.

"அப்பா முகத்தைப் பாருங்க! அடிச்சவன் மட்டும் என் கையில கிடைச்சிருந்தா வெட்டிப் போட்டிருப்பேன்!"

"சொல்லும்மா" என்றார் முதலாளி.

அதற்குள் லாரிக்காரர் முந்திக்கொண்டார். "கிளீனர் எங்கடி? எங்க தொலைஞ்சான்? அவன் வராம வண்டியை எடுக்க மாட்டேன்!"

கட்டைச்சி குனிந்து நாற்காலியைப் பிடித்துத் திருப்பினாள். செங்கல் விடவில்லை. புரிந்துகொண்ட முதலாளி அவள் கொண்டையைப் பற்றிச் சுவரில் மோதினார். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. பிடியை அவள் விடவில்லை.

"அடிடா அவளை!"

வாட்ச்மேன் தடியை அவள் தோளில் இறக்கினான். இரண்டாவது அடிக்கு ஓங்கிய தடியை லாரிக்காரர் எட்டிப் பிடித்துக்கொண்டார். "எவன்டா என் வண்டியில கை வைக்கிறது?" வாட்ச்மேன் இழுத்தான், தடி வரவில்லை. வெட்கமோ பயமோ, தடியை அவரிடமே விட்டுவிட்டு ஒதுங்கி நின்றான்.

சத்தம் கேட்டுச் சமையல்காரம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். பின்னால் கூட்டுகிறவளும் துணி வெளுக்கிறவரும். முதலாளி கரண்டியைப் பிடுங்கிச் சமையல்காரம்மா முகத்திலேயே அறைந்தார். அவள் உதட்டு ரத்தத்தைத் துப்பிவிட்டு நாற்காலியின் மறுபுறத்தைப் பிடித்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

அது நெட்டையன் சொல்லும் சொல். கட்டைச்சி ஒரு கணம் தடுமாறினாள். "ரெண்டு" என்றாள்.

மற்ற இருவரும் கைகொடுக்க, நாலு பேர் மூச்சில் நாற்காலி கிழவரோடு எழும்பிற்று, திரும்பிற்று. கூட்டுகிறவள் கிழவரை முன்னே குனியவைத்துப் பிடிக்க, முதுகில்லாத சட்டை போனுக்கு நேரே வந்தது. இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குச் சதை அழுகிய புண். கட்டைச்சி சட்டைக்கையைச் சுருட்டிப் பட்டை அறுத்த மணிக்கட்டையும் தூக்கிக் காட்டினாள்.

"கொதிதண்ணி உங்கப்பா மேல விழாம தன் மேல வாங்கினவரு என் வீட்டுக்காரரு. நீ வெட்டறேன்னு சொன்னது அவரைத்தான் தம்பி. பக்கத்துக் கட்டிலெல்லாம் இதே கதிதான்."

அங்கே அவனை யாரோ வேற்று பாஷையில் அதட்டினார்கள். அவன் அசையவில்லை.

"நான் ரூமைப் பாத்துத்தானே அக்கா சேத்தேன்... லீவு கேட்டா இங்க வேலையே போயிடும். போனை வைக்காதீங்க. மத்தவங்க பிள்ளைங்ககிட்ட நான் சொல்லி..."

முதலாளி போனை எடுத்துத் தரையில் அடித்தார். கண்ணாடி சிதறியது. "வெளியே போங்கடி எல்லாரும்! போலீஸைக் கூப்பிடறேன்!"

"கூப்பிடுங்க" என்றாள் கட்டைச்சி. "போக மாட்டோம். வேலையையும் நிறுத்த மாட்டோம். நிறுத்தினா இவங்க செத்துடுவாங்க. ஆனா இனி கட்ட மாட்டோம். ரெண்டு பேரில்லாம ஒருத்தரையும் தூக்க மாட்டோம். இந்தச் சட்டையை எவரும் எவருக்கும் மாட்ட மாட்டோம்."

கிழவர் மேலிருந்து சட்டையை உருவினாள். முன்பக்கம் மட்டுமே இருந்த துணி சுலபமாக வந்தது. அதை மடித்து நெற்றி ரத்தத்தை அழுத்திக்கொண்டாள்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. போலீஸாக இருக்கலாம், முதலாளியின் அடியாட்களாகவும் இருக்கலாம். மாடியில் யாரோ விடாமல் முனகிக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் படியேறினார்கள். கொஞ்சம் தயங்கி, வாட்ச்மேனும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் வந்தான்.

முதல் கட்டிலின் பட்டையைச் சமையல்காரம்மா அவிழ்த்தாள். கட்டைச்சி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு."

"ரெண்டு."