ராதோயின் கைராசி

என் திராட்சைக் கொடியை மொட்டையடித்த ஏழு பேரும் என் நன்மைக்காகத்தான் அதைச் செய்தார்களாம். அதை நினைத்தால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ரூசே நகரில் எங்களுடையது ஐந்து மாடிக் கட்டடம். என் வீடு தரைத்தளத்தில். ஜன்னலுக்குக் கீழே இருக்கும் கையகல மண்ணில் நான் நட்ட கொடி, என் பால்கனியையும் அதற்கு மேலே மில்க்கா வீட்டையும் தாண்டி, பர்வான் வீட்டுக் கம்பிவரை ஏறியிருக்கிறது. தண்ணீர் ஊற்றுவதும் உரம் போடுவதும் நான். பழம் எல்லோருக்கும். அதில் எனக்கு வருத்தம் இருந்ததே இல்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து அந்தக் கொடியடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சே சீராகும். வேறு பொழுதுபோக்கு எனக்குக் கிடையாது, வேண்டியதும் இல்லை.

பிப்ரவரியில் புனிதர் திரிஃபோன் நாள் வரும். கொடியைக் கவாத்து செய்யும் நாள். ஆண்கள்தான் வெட்ட வேண்டும், வெட்டிய இடத்தில் ஒயின் ஊற்ற வேண்டும், அவர்களில் ஒருவரை ராஜாவாக்கிக் கொண்டாட வேண்டும். பெண்களுக்கு ரொட்டி சுடுகிற வேலை, கோழி சமைக்கிற வேலை. என் கணவர் ராதோய்க்கோ எந்தக் கணு காய்க்கும், எது காய்க்காது என்பது கடைசிவரை பிடிபடவில்லை. அதனால் முதல் நாளே நான் வெட்ட வேண்டிய இடங்களில் நீல நூல் கட்டி வைத்துவிடுவேன். மறுநாள் அவர் ஊர் பார்க்க இறங்கி வந்து, நூல் இருக்கும் இடமாகப் பார்த்து வெட்டுவார். நூல் எதற்கு என்று யாராவது கேட்டால், "கண்திருஷ்டிக்கு" என்பார். செப்டம்பரில் குலை குலையாகத் தொங்கும்போது, ராதோயின் கைராசி என்று கட்டடமே பேசும். அவர் மீசையைத் தடவிக்கொள்வார். நான் தட்டு கழுவிக்கொண்டிருப்பேன்.

போன அக்டோபரில் அவர் போய்விட்டார். இனி நாடகம் ஆட ஆளில்லை. தேவாலயக் கணக்கில் திரிஃபோன் நாள் பிப்ரவரி ஒன்று. அன்று விடியும்போதே கத்தரியை எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன். வேண்டாததையெல்லாம் கழித்து, காய்க்கிற கணுக்களை மட்டும் விட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் கையே வெட்டியது. அந்தக் குளிரிலும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் பழைய நாள்காட்டிக்காரர்களுக்குத் திரிஃபோன் பதினான்காம் தேதி. எங்கள் கட்டடத்தை நிர்வகிக்கும் பர்வான் பழைய நாள்காட்டிக்காரர். அன்று நான் வேலை முடிந்து திரும்பும்போதே பாட்டுச் சத்தம் தெருவரை கேட்டது. கொடியைச் சுற்றி ஏழு ஆண்கள், கையில் கோப்பை, காலடியில் ரொட்டிக் கூடை. கொடிக் குச்சியை வளைத்துச் செய்த கிரீடம் பர்வான் தலையில். பின்னால் என் கொடி வெறும் கட்டையாக நின்றது.

"பர்வான் அண்ணே, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"வாம்மா தாஃபினா! ஆம்பளை இல்லாத வீடாப் போச்சே, கொடியை யாரு பாப்பாங்கன்னு நாங்களே இறங்கிட்டோம். ஆளுக்கு மூணு வெட்டு. மேல இருந்து ராதோய் பாத்துச் சந்தோஷப்படுவான்."

"நான்தான் ஒண்ணாந்தேதியே வெட்டிட்டேனே!"

"நீயா?" பர்வான் மற்றவர்களைப் பார்த்தார். "அதானே! எலி கடிச்ச மாதிரி இருந்துச்சு. நல்லவேளை, சரி பண்ணிட்டோம்."

ஏழு பேரும் சிரித்தார்கள்.

"எதைச் சரி பண்ணினீங்க? காய்க்கிற கணுவா விட்டு வெச்சிருந்தேன், ஒண்ணு பாக்கியில்லாம வெட்டித் தள்ளியிருக்கீங்க. கட்டையில துளிர் வரும், காய் வராது. இந்த வருஷம் இந்தக் கட்டடத்துல ஒருத்தர் வாய்லயும் ஒரு பழம் விழாது!"

"ராதோய் எவ்வளவு ஒட்ட வெட்டுவான், அதெல்லாம் காய்க்கலையா?"

"அவரு எங்க வெட்டினாரு? நான் நூல் கட்டின இடத்துல கத்தரியை வெச்சு அழுத்தினாரு! வருஷா வருஷம் கட்டினது நான். ஒரு கணுகூட அவருக்குத் தெரியாது!"

சிரிப்பு நின்றது. பர்வான் கிரீடத்தைக் கழற்றினார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் தேவலை. முகத்தில் அப்படி ஒரு இரக்கம்.

"தாஃபினா, துக்கத்துல மனுஷன் என்னென்னவோ பேசத்தான் செய்வான். இருந்தாலும் செத்தவன் பேரைக் கெடுக்காதேம்மா. அந்த நூல் கண்திருஷ்டிக்குன்னு அவனே எங்ககிட்டச் சொல்லியிருக்கான்."

மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். மேலே பால்கனியில் நின்ற மில்க்கா சட்டென்று உள்ளே போய்விட்டாள். "குடிச்சு முடிச்சாச்சுல்ல, கிளம்புங்க எல்லாரும்!" என்று கத்தினேன். வாசலைத் தாண்டும்போது ஒருவர் "பாவம்" என்றது என் காதில் விழுந்தது. ரொட்டிக் கூடையை அவர்கள் பின்னாலேயே விட்டெறிந்தேன்.

அடுத்து வந்த சனிக்கிழமை இறந்தவர்களுக்கான நாள். வேக வைத்த கோதுமையும், எங்கள் கொடிப் பழத்தில் போட்ட ஒயினில் மிச்சமிருந்த கடைசி பாட்டிலும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனேன். மில்க்காவும் கூட வந்தாள். கல்லறைத் தோட்ட வாசலுக்குக் கிட்டே வந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, நீங்க நூல் கட்டறதை நான் வருஷா வருஷம் பாத்திருக்கேன்."

"அப்ப அன்னிக்கு ஏன்டி உள்ள ஓடின? அத்தனை பேரும் என்னைப் பைத்தியக்காரியாக்கினாங்களே!"

"ராதோய் அண்ணனே சொல்லலை. நான் எந்த வாயை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

அவளை அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் சொன்னதில் என்ன தப்பு? பர்வானும் அந்த ஆறு பேரும் தங்களுக்குச் சொல்லப்பட்டதைத்தான் நம்பினார்கள். சொல்லியிருக்க வேண்டியவர் இதோ உள்ளே படுத்திருக்கிறார். அந்த ஏழு பேர் மேல் இருந்த கோபமெல்லாம் திரும்பி அவர் மேல் வந்து நின்றது. இத்தனை வருடத்தில், குடித்துவிட்டு உளறும்போதாவது, "இது தாஃபினா செய்தது" என்று ஒரு வார்த்தை வந்ததா?

அவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். கோதுமையைப் பக்கத்துக் கல்லறைக்காரர்களுக்குக் கொடுத்தேன். பாட்டிலைத் திறந்தேன். எங்கள் வழக்கப்படி அதைச் சிலுவை போலக் கல்லறை மேல் ஊற்ற வேண்டும். ஊற்றவில்லை. மண்மேட்டின் விளிம்பில் உட்கார்ந்து, பாட்டிலை வாயில் வைத்துக் குடித்தேன்.

மில்க்கா பதறிப்போனாள். "அக்கா, எல்லாரும் பாக்கறாங்க! செத்தவருக்கு அவரோட பங்கைக் குடுங்க!"

"அவரு பங்கை அவரு உசுரோட இருக்கறப்பவே குடிச்சுட்டாரு. இது என் பங்கு" என்றேன்.

அடிக்கசடுவரை குடித்துவிட்டு, காலி பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன்.