அப்பா சொன்ன மூன்று

அப்பா மூன்று என்று சொல்லிவிட்ட விஷயம் அவளுக்குத் தெரியவந்தபோது சாயங்காலம் ஆறு மணி. ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊசி குத்திவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

"மத்தியானம் ஒரு பொண்ணு வந்தா. அரசாங்கத்துல அனுப்பினாங்களாம். நாட்டு ஜனங்க எதனால சந்தோஷமா இருக்காங்கன்னு வீடு வீடா கேட்டு எழுதுறாங்களாம்," என்றார் அப்பா, தபால்காரர் வந்துபோன சேதி சொல்வதைப் போல. "பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லணும். மூணுன்னேன்."

"மூணா?"

"நாலு குடுக்கலாமான்னு பார்த்தேன். மனசு வரல."

அப்பா முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். டிப்போவில் அவருக்குப் பெயரே ஹாரன்தான். ஒருமுறை வண்டியின் ஹாரன் செத்துப்போய், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தியபடியே கடைசி நிறுத்தம் வரை ஓட்டிக்கொண்டு போனாராம். ஓய்வு பெற்றபின் அந்தத் தொண்டை அவளோடு வந்து தங்கிவிட்டது. குழம்பில் ஒரு கல் உப்பு குறைந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"காரணம் கேட்டாளாப்பா?"

"கேட்காம? எழுத நாலு வரி இடம் விட்டிருந்தாங்க. பஸ் நேரத்துக்கு வர்றதில்ல, பிரஷர் மாத்திரை மூணு வாரமா எங்கயும் கிடைக்கல, எல்லாம் சொன்னேன். இன்னும் ஒரு வரி மிச்சம் இருந்துச்சு. வாயத் திறந்து பேச பயமா இருக்கும்மா, அதையும் எழுதிக்கோன்னேன். நல்ல பொண்ணு. ஒரு வார்த்தை விடாம எழுதிக்கிட்டா."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கையெழுத்து வாங்கினாளா?"

"வாங்கினா. பேரு, கதவு நம்பர், வீட்டுல யாரு யாரு, எங்க வேலைன்னு எல்லாமே."

அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். எதிர்வீட்டு ஜன்னல் ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது. அங்கே ஒரு தையல்காரர். போன வருஷம் கரண்ட் போய் மிஷின் நின்றபோது, சட்டை வாங்க வந்தவரிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. மறுநாள் இரண்டு பேர் வந்து, "ரெண்டு நிமிஷம் பேசணும்" என்று கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அந்த இரண்டு நிமிஷம் முடிய நாற்பத்தோரு நாள் ஆனது. திரும்பி வந்தவர் முதல் வேலையாகத் தையல் மிஷினைத் தெருப்பக்கத்திலிருந்து உள்ளறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, தெருவும் கேட்கவில்லை.

அவள் கணவனுக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை. விஷயத்தைக் கேட்டதும் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கீழே வைத்தான்.

"மாமா, வாயைக் குடுத்து வம்பை வாங்கிட்டீங்களே. பத்துன்னு சொல்லிட்டுப் போனா என்ன? நம்ம வீட்டுக் காசா?"

"கேட்டாங்க, சொன்னேன். சொல்லக் கூடாதுன்னா எதுக்கு மாப்பிள்ளை கேட்கணும்?"

கணவன் எழுந்துபோய்த் தெருக்கதவைத் தாழிட்டான்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நரம்பு பிடிபடவில்லை. ஒரே கையில் மூன்று இடத்தில் குத்தினாள். "புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கியாம்மா?" என்று கேட்டார் கையை நீட்டியிருந்த கிழவர். அவளுக்கு அது பதினாலாவது வருஷம். பதினொரு மணிக்குத் தலைமை டாக்டர் கூப்பிடுவதாக ஆள் வந்தது. படியேறும் வழியெல்லாம் 'அப்பாவுக்கு வயசாச்சு சார், சில நேரம் என்ன பேசறோம்னே தெரியறதில்ல' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சொல்லச் சொல்ல வெட்கமாக இருந்தது. டாக்டர் கேட்டதோ, பஞ்சுக் கட்டு எத்தனை இருப்பில் இருக்கிறது என்று.

அன்று வீட்டுக்கு வந்தபின் அழைப்பு மணி அடித்தது. மூவரும் அசையாமல் இருந்தார்கள். இரண்டாம் முறை அடித்ததும் கணவன் போய்த் திறந்தான். மாடி வீட்டுப் பார்சலைக் கொண்டுவந்தவன், எண் மாறி இங்கே அடித்திருந்தான். கதவைச் சாத்திவிட்டுக் கணவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மூன்றாம் நாள் காலை அப்பா குளிக்கப் போயிருந்த நேரத்தில், அவள் ஒரு பையில் அவருடைய இரண்டு சட்டை, ஒரு கம்பளி, மிச்சமிருந்த ஒன்பது மாத்திரை, பழைய கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். யாராவது வந்தால் தேடிக்கொண்டிருக்க நேரம் தருவார்களோ என்னவோ. தையல்காரர் போட்டிருந்த பனியனோடு போனவர்.

அன்று சாயங்காலம் அப்பா அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கயாவது வெளியூர் போறோமா?"

அவள் பையை வாங்கக் கையை நீட்டினாள். அப்பா பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்த நொடி அவளுக்கும் தெரிந்தது. கம்பளியின் ஓரத்தைத் தடவிக்கொடுத்தபடி, "குளிர் காலம்கூட இல்லையேம்மா," என்றார். ஹாரனிடமிருந்து அவ்வளவு சின்னக் குரலை அவள் கேட்டதே இல்லை.

கணவன்தான் வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். வட்ட அலுவலகத்தில் ஏழாம் கவுண்ட்டர். எண்ணைத் திருத்திக் கொடுக்கிறார்களாம். சொன்னவரே நேரில் வர வேண்டுமாம்.

"போலாம்," என்றார் அப்பா. சண்டை போடுவார் என்று நினைத்து மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை.

ஏழாம் கவுண்ட்டரின் வரிசை படியிறங்கி வாசல்வரை வந்திருந்தது. எள் போட்டால் எள் விழாத கூட்டம், ஆனால் இருமல் சத்தம் மட்டும்தான். முன்னால் நின்ற பெண்மணி, "பேர்ல ஒரு எழுத்துப் பிழை, அதுக்குத்தான் வந்தேன்," என்று கேட்காமலே சொன்னாள். "நாங்களும் அதுக்குத்தான்," என்றாள் இவள். பின்னால் நின்றவருக்கும் எழுத்துப் பிழைதானாம்.

இரண்டு மணி நேரம் நின்றார்கள். கவுண்ட்டர் எழுத்தர் சட்டைக் காலர் நனைந்த மனிதர். முன்னால் போன பெண்மணியின் படிவத்தைப் பார்த்து, "ரெண்டு, இப்ப ஒன்பது. காரணம்... அன்னைக்குத் தலைவலி," என்று படித்தார். தலை தூக்காமலே, "நாடு பூரா அன்னைக்குத் தலைவலிதான் போல," என்றார். சொன்ன மாத்திரத்தில் தான் பேசிவிட்டது உறைத்து, சட்டென்று அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் பயம் இரட்டித்தது. கம்பிக்கு உள்ளே இருப்பவரும் நம்மைப் போலத்தானா!

அப்பாவின் முறை வந்தது.

"பெரியவரே, விதிப்படி நான் மறுபடி கேட்கணும். பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள, எவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க?"

"ஒன்பது."

"எதனால?"

இதற்கு யாரும் அவரைத் தயார் செய்யவில்லை. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அவள் அவர் முழங்கையை அழுத்தினாள்.

"மூணுன்னு சொல்லி அஞ்சு நாள் ஆச்சு," என்றார் அப்பா மெதுவாக. "அஞ்சு ராத்திரியும் என் வீட்டுலதான் தூங்கினேன். அதான் சந்தோஷம்."

எழுத்தரின் பேனா நின்றது. இரண்டு கவுண்ட்டர் தள்ளி நின்ற காவலாளி இந்தப் பக்கம் திரும்பினான். ஒருவரும் அசையவில்லை. அப்பா மட்டும், தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியாத குழந்தை மாதிரி எழுத்தரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுத்தர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு காவலாளிக்குக் கேட்கும்படி உரக்க, "குடும்ப நிம்மதி," என்று சொல்லியபடியே எழுதினார். படிவத்தைக் கம்பிக்கு வெளியே தள்ளினார். "இங்க கையெழுத்து. அடுத்தது யாரு?"

அப்பா போட்ட கையெழுத்து கோட்டுக்கு வெளியே போனது. அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். முதுகுக்குப் பின்னால் யாராவது கூப்பிடுவார்கள் என்று தெருமுனைவரை காது அங்கேயே இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

யாரும் வரவும் இல்லை. ஒரு மாதம் கழித்து டி.வி.யில் முடிவைச் சொன்னார்கள். நாட்டின் சராசரி ஒன்பது. கணவன் "அப்பாடா!" என்று டி.வி.யை அணைத்துவிட்டுத் தூங்கப் போனான். பையைப் பிரித்துச் சட்டைகளை அலமாரியில் வைத்தாள். கம்பளியை மட்டும் ஏனோ எடுத்து வைக்க மனம் வரவில்லை.

மறுநாள் லீவு. அவள்தான் சமைத்தாள். அப்பா வந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

அவளும் ஒரு வாய் எடுத்து வைத்தாள். ஒரு துளி உப்பு இல்லை. போடவே மறந்திருக்கிறாள். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அவர் மென்று விழுங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, உப்பே இல்லப்பா இதுல."

அவள் எழுந்துபோய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் திறந்து வைத்தாள். அப்பா முதலில் சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் இரண்டு விரலால் கொஞ்சமாக எடுத்துக்கொண்டார்.