தள்ளிப்போடுகிற மாத்திரை

எங்கள் வீட்டில் சாமிக்கு இருந்த மரியாதை என் வயிற்றுக்கு இருந்ததில்லை. இதைக் கோபமாகத்தான் சொல்கிறேன்.

பதின்மூன்று வயதில் ஆரம்பித்தது. மாதா மாதம் அடிவயிற்றை யாரோ உள்ளேயிருந்து ஈரத்துணியைப் போல முறுக்கிப் பிழிவார்கள். குரோம்பேட்டை வீட்டின் சமையலறைத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடப்பேன். ஊர் உலகத்தில் யாருக்கும் வராததா உனக்கு வந்துவிட்டது என்பாள் அம்மா. பள்ளிக்கூடத்தில் நடிக்கிறாள் என்றார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்த பிறகுதான் அம்மா ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கல்யாணம் பண்ணி வைங்க, சரியாப் போயிடும்" என்று அம்மாவிடம் சொன்னார்.

வலியே இல்லாத மாதங்களும் எனக்கு உண்டு. வீட்டில் கல்யாணமோ கோயில் பயணமோ வந்து என் தேதி குறுக்கே விழுந்தால், அம்மா மருந்துக் கடையில் தள்ளிப்போடுகிற மாத்திரை வாங்கிவருவாள். அதைச் சாப்பிடுகிற வரை வலி எட்டிப்பார்க்காது. மற்றவர்களைப் போல ஓடியாடித் திரிவேன். இதையே மாதா மாதம் வாங்கிக் கொடேன் என்று கேட்டேன். விசேஷம் இல்லாமல் யாராவது அதைச் சாப்பிடுவார்களா, கர்ப்பப்பை கெட்டுப்போகும் என்றாள். விசேஷத்துக்குச் சாப்பிட்டால் மட்டும் ஏன் கெடாது என்று கேட்டதற்கு முறைத்தாள்.

எண்பத்தாறில் தாம்பரத்து வேதாசலத்துக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அன்றைக்கும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தேன். கல்யாணம் வலியைக் குறைக்கவில்லை. அதுவரை வலிக்காத நேரங்களிலும் வலிக்க வைத்தது. இன்னொரு டாக்டரைப் பார்த்தோம். ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார். ஆறு வருஷம் குழந்தை பிறக்கவில்லை. புகுந்த வீட்டில் அந்த மூன்று நாளும் பின்னறையில் பாய் விரித்து ஒதுங்கி உட்கார வேண்டும். பாய் விரிக்கிற ஒவ்வொரு முறையும் மாமியார் ஞானாம்பாளின் முகம் தொங்கிப்போகும். நான் வலியில் முனகுவது ஏமாற்றத்தில் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தொண்ணூற்றிரண்டில் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தொப்புளுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டரம்மா என்னையும் கணவரையும் மாமியாரையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். நோயின் பெயர் என்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள் வளர வேண்டிய சவ்வு வெளியே சினைப்பையிலும் குடலிலும் வளர்ந்து, மாதா மாதம் அங்கேயும் ரத்தம் கசிகிறது. வெளியேற வழியில்லாமல் உறைந்து, உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கிறது. குழந்தை தங்காததற்கும் அதுதான் காரணம் என்றார்.

குழந்தை பிறந்தால் நோய் போகும் என்றார்கள், நோய் இருந்தால் குழந்தை பிறக்காதாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

வெளிநாட்டில் இதைக் கண்டுபிடித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றார் அவர். வெள்ளைக்காரிகளுக்கு, அதிலும் வேலைக்குப் போய்க் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு வருகிற நோய் என்றே தங்களுக்குப் பாடம் நடத்தினார்களாம். குழாய் விட்டுப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் நம் பெண்களின் வயிற்றிலும் அது இருப்பது தெரிகிறதாம். தள்ளிப்போடுகிற மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"அதுதாம்மா இதுக்கு மருந்து. நிறுத்தாம சாப்பிடணும். அப்பவே யாராவது கொடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதோ என்னவோ."

ஆனால் அதைச் சாப்பிடுகிற வரை குழந்தை உண்டாகாது. சாப்பிடாவிட்டாலும் வாய்ப்புக் குறைவுதான் என்றார். மாமியாரின் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. மின்சார ரயிலில் திரும்பும்போது, மாத்திரை என்ற பேச்சே கூடாது என்றார். என் கணவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் அபிதா."

பார்ப்பது அவர், வலிப்பது எனக்கு.

அந்தக் கோடையில் நாத்தனாரின் கல்யாணம் திருநீர்மலைக் கோயிலில் நிச்சயமானது. முகூர்த்தம் என் தேதியில் விழுந்தது. அதே மாமியார் தன் கையாலேயே மாத்திரை வாங்கிவந்து கொடுத்தார். சீர்த்தட்டோடு மலைப்படியில் ஏறி இறங்கினேன். ஒரு சுருக்கும் இல்லை. உச்சியில் நின்றபோது, உடம்பு என்றால் இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் தவம் கிடந்தேன் என்று அழுகை வந்தது.

கல்யாணம் முடிந்தது. மாத்திரையை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கில் மருந்துக் கடைக்குப் போனேன்.

"இன்னாம்மா, கல்யாணமா, கோயிலா?" என்றார் கடைக்காரர் சிட்டிபாபு.

ரெண்டும் இல்லை, வலிக்கிறது என்றேன். அதுக்கெல்லாம் இத்த குடுக்கக் கூடாதும்மா என்று அட்டையைத் திரும்ப எடுத்துவைத்தார். ரெண்டு கடை தள்ளிப் போய், கோயிலுக்கு என்றேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் பின்னறையில் பாய் விரிக்கவில்லை. மாமியார் என்னையே பார்ப்பதும் தனக்குள் சிரிப்பதுமாக இருந்தார். ஒருநாள் காலையில் தண்ணீர் லாரி வந்தது. நிறைகுடத்தை இடுப்பில் வைத்தேன். மாமியார் ஓடிவந்து வாங்கிக்கொண்டார். இனிமேல் நீ இதெல்லாம் தூக்கக் கூடாது என்று என் கன்னத்தை வருடினார். பெருமாளுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தாயிற்று என்றார். அந்த வீட்டில் என்னை அப்படி யாரும் தொட்டதில்லை. இன்னும் ஒரே ஒரு நாள் அந்தக் கை அங்கேயே இருக்கட்டும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் பெருமாளிடமே போய்விட்ட பொய்யை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"அத்தை, நான் அந்த மாத்திரைதான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

அவருக்குப் புரியவில்லை. "இப்ப என்ன விசேஷம்? எந்தக் கோயிலுக்குப் போற?"

"கோயிலுக்கு இல்ல அத்தை. எனக்கு வலிக்குது."

கன்னத்திலிருந்து கையை எடுத்தார். குடத்தைத் திரும்பவும் என் இடுப்பில் வைத்துவிட்டு உள்ளே போனார். தண்ணீர் தளும்பிப் புடவை நனைந்தது. எனக்கு வலி இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன்.