அன்னபாக்கியத்தின் சாட்சி

அன்னபாக்கியத்தின் வயிற்றில் தையல் பிரித்த புண்கூட ஆறவில்லை. அதற்குள் அவளை வைத்துப் பொய் பேசத் தொடங்கிவிட்டார்கள். பேசியது ஊரான் வீட்டு ஆளா? தாராவியில் அவள் நம்பிப் போய் உட்கார்ந்த சபைக்காரர்கள்தான்.

நடந்தது இதுதான். குடல்வால் வீங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டவளைச் சுற்றி உட்கார்ந்து, பாஸ்டர் ஞானாபரணமும் ஆட்களும் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். மருந்து தொடுவது அந்தச் சபையில் அவிசுவாசம். தொட்டவர்களுக்குத் திருவிருந்தில் அப்பம் கிடையாது. உள்ளே குடல்வால் வெடித்து அவள் கண் செருகியதும், இசக்கியம்மனுக்குக் கிடா நேர்ந்துவிடுகிற அவள் புருஷன் அய்யாத்துரை அத்தனை பேரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினான். தான் வேலை பார்க்கும் தோல் பட்டறையின் கைவண்டியில் அவளைப் போட்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினான். வயிற்றைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். பட்டறை முதலாளி ஜெயினுலாப்தீன் வந்து ரத்தம் கொடுத்தார்.

இத்தனை நடந்தும் அன்னபாக்கியம் ஏசப்பாவை விடவில்லை. வார்டில் வலி உயிரைப் பிடுங்கியபோதெல்லாம் அவர் பேரைத்தான் பிடித்துக்கொண்டு கிடந்தாள். டாக்டர் கையைப் பிடித்து நடத்தியவர் அவர்தான் என்று நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் சிரித்தபோது அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதைதான். சுவரைப் பிடித்து எழுந்து நிற்கும்போது, "ஏசப்பா, விழாம பிடிச்சுக்கிடும்" என்பாள். எழுந்தும் விடுவாள்.

அன்று பக்கத்துக் குடிசை ராபியா கஞ்சி கொண்டுவந்தவள், வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அக்கா, நீங்க மருந்தே தொடாம, வெறும் ஜெபத்துல பொழைச்சீங்கன்னு சபையில சொல்லுதாங்களாமே?"

"எந்த மூதேவி சொன்னா?"

"முப்பிடாதிதான். ஞாயித்துக்கிழமை எல்லாரு முன்னாலயும் எந்திரிச்சு நீங்களே அப்படிச் சாட்சி சொல்லுவீங்களாம். அதக் கேட்டதும் அவ மாப்பிள்ளையோட மாத்திரையக் கொண்டுபோய் பாஸ்டரு மேசையில வச்சிருவாளாம். இனிமே தொடமாட்டாகளாம்."

அன்னபாக்கியம் கஞ்சியைத் தள்ளி வைத்தாள். முப்பிடாதியின் புருஷன் வெயிலுமுத்து மில் ஸ்டிரைக்கில் வேலை போனவன். டி.பி. வந்து ரத்தமாகத் துப்பினவன். மாத்திரையும் ஊசியும் ஆரம்பித்த பிறகுதான் இப்போது வாசல்வரை நடமாடுகிறான். புதிதாகச் சபைக்கு வருகிறவர்கள் தாயத்தை அறுத்து அந்த மேசையில் வைப்பது வழக்கம். பாவிகள் அதே கணக்கில் மாத்திரையையும் சேர்த்துவிட்டார்கள்.

மறுநாள் பாஸ்டர் வந்தார். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, குரலில் தேன் தடவிக்கொண்டு பேசினார்.

"சகோதரி, ஆஸ்பத்திரிக்கு நீங்களா போகல. நினைவில்லாதபோது தூக்கிட்டுப் போயிட்டாங்க. கர்த்தர் அதைக் கணக்குல வைக்கமாட்டார். அதை விட்டுட்டு, ஜெபத்தைப் பத்தி மட்டும் சொல்லுங்க. அப்பமும் உண்டு, பழையபடி எல்லாமும் உண்டு."

"சொல்லலன்னா, ஐயா?"

"அப்பம் இல்ல. சபையில இடமும் இல்ல."

அவர் போனதும் அன்னபாக்கியம் அழுதாள். சபை கூடும் அந்தத் தகரக் கொட்டகையை விட்டால் அவளுக்குப் பம்பாயில் போக்கிடம் ஏது? பிள்ளை இல்லாதவள் என்று யாரும் முகம் சுளிக்காத இடம் அது ஒன்றுதான். அந்த அப்பத்துக்காக வாரமெல்லாம் காத்துக் கிடப்பாள். அதை வைத்துத்தான் மிரட்டுகிறான் மனுஷன். நல்லாயிருப்பானா?

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. பெண்கள் பக்கம் முன்வரிசையில் முப்பிடாதி, மடியில் மாத்திரைப் பொட்டலத்தோடு இருந்தாள். மேசையில் அப்பத்தட்டு வெள்ளைத் துணி மூடி இருந்தது. பாஸ்டர் கைநீட்டி அழைக்க, அன்னபாக்கியம் வயிற்றைப் பிடித்தபடி போய் நின்றாள்.

"ஏசப்பாதான் என்னியக் காப்பாத்துனாரு" என்றாள். கொட்டகை அதிர ஸ்தோத்திரம் எழுந்தது. பாஸ்டர் முகம் மலர்ந்தது.

"ஆஸ்பத்திரியில வச்சுக் காப்பாத்துனாரு. வயித்தக் கீறித்தான் பொழைச்சேன். ஊசி போட்டாவ, மாத்திர தந்தாவ. இன்னைக்குக் காலையிலயும் முழுங்கிட்டுத்தான் வந்தேன்."

பாஸ்டர் மேளக்காரனுக்குக் கண் காட்டினார். யாராவது ஏடாகூடமாகச் சாட்சி சொன்னால் பாட்டைப் போட்டு அமுக்குவது அங்கே வழக்கம். மேளம் கிளம்பியது, கைத்தட்டல் கிளம்பியது. அவள் கத்தினாள், அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. தையல் இருந்த இடம் தீயாக எரிந்தது. பாட்டு நடுவே முப்பிடாதி பொட்டலத்தோடு எழுந்து மேசையை நோக்கி வந்தாள்.

அன்னபாக்கியம் அவள் கையை எட்டிப் பிடித்தாள். பிடித்த கையைத் தன் முந்தானைக்கு அடியில் இழுத்துக் கட்டுத்துணிமேல் வைத்து அழுத்தினாள். வலியில் அவளுக்குக் கண்ணீர் கொட்டியது.

"தொட்டுப் பாருட்டி!" என்று அவள் காதுக்குள் சொன்னாள். "இன்னும் கட்டுப் பிரிக்கல. ஜெபமா வந்து கட்டுப் போட்டுச்சு? அந்த மாத்திரையத் தந்தவரும் ஏசப்பாதான். அவரு தந்தத அவரு மேசையிலயே கொண்டுபோய் எறியாத. ஒன் மாப்பிள்ள செத்துருவாருட்டி."

முப்பிடாதி மேசையைப் பார்த்தாள், பாஸ்டரைப் பார்த்தாள். பிறகு பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரையும் பாராமல் கூட்டத்தை இடித்து வெளியேறினாள்.

பாட்டு தானாக நின்றது. பாஸ்டரின் குரலில் இப்போது தேன் இல்லை.

"சாத்தான் புகுந்த பொம்பள. ஒரு ஆத்துமாவைக் கெடுத்துட்டா. இவளுக்கு இனி அப்பம் கிடையாது. வெளிய அனுப்புங்க."

கூடச் சேர்ந்து பாடியவர்கள், எண்ணெய் பூசித் தலையில் கைவைத்தவர்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெண்கள் அவள் சேலை தங்கள்மேல் படாதபடி ஒதுங்கி வழிவிட்டார்கள். நாசமாய்ப் போகட்டும் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு அன்னபாக்கியம் படி இறங்கினாள்.

வாசலில் அய்யாத்துரை பீடியை நசுக்கிவிட்டு நின்றான். அவன் முகத்தில் சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே!

"தொரத்திட்டானுவளா? நல்லதாப் போச்சு. இன்னையோட ஒன் ஏசுவுக்கும் ஒரு கும்பிடு."

அவள் நின்றாள். உள்ளே அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கத் தொடங்கிய சத்தம் கேட்டது.

"அவர ஏன் சொல்லுதீங்க? என்கூட அவரயும் சேத்துல்லா வெளிய தள்ளிருக்காவ" என்றாள். "பிடிங்க கைய. மூணு பேருமா வீட்டுக்குப் போவோம்."