முன் வரிசைப் பெஞ்சு

துமினி பள்ளிக்கூடத்து கேட்டை அடைந்தபோது விடியற்காலை சுபுஹு தொழுகைக்குப் பாங்கு சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பதினோரு அம்மாக்கள் வந்து நின்றிருந்தார்கள், ஒரு அப்பாவும். மற்ற நாட்களில் ஆறு மணிக்கு எழுப்பினாலே அலுத்துக்கொள்கிற சிடோவார்ஜோ ஊர் ஜனம், ஜூலையில் பள்ளி திறக்கிற அன்றைக்கு மட்டும் சேவலை முந்திக்கொண்டு எழுந்துவிடும். முதல் நாள் பெற்றோர் பிடிக்கிற பெஞ்சுதான் பிள்ளைக்கு வருஷம் முழுக்க. பையை வைத்தால் செல்லாது, ஹெல்மெட்டை வைத்தாலும் செல்லாது, ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். யார் போட்ட சட்டமோ தெரியாது. அரசாங்கச் சட்டத்தைவிட ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

துமினிக்கு உடம்பு கெஞ்சியது. புருஷன் போர்னியோ பக்கம் லாரி ஓட்டப் போய் ஏழு மாதம். ஷூ கம்பெனியில் நேற்று ஞாயிறென்றும் பாராமல் ஓவர்டைம் பார்த்திருந்தாள். இன்றைக்கு ஒன்பது மணிவரை பெர்மிஷன் கேட்டதற்கே சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஆனால் வராமல் முடியாது. மகள் லராஸ், வீட்டில் வாய் ஓயாத பிள்ளை, ஒன்றாம் வகுப்பு முழுக்க வகுப்பில் வாயே திறக்கவில்லை. கடைசிப் பெஞ்சில், ஜன்னலோரம், பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். "இந்த வருஷமும் இப்படியே இருந்தா மூணாம் வகுப்புக்கு ஏத்த முடியாது" என்று டீச்சர் சொல்லிவிட்டாள். கடைசிப் பெஞ்சில் போட்டால் எந்தப் பிள்ளைதான் பேசும்? எல்லாம் அந்தப் பெஞ்சு செய்த வேலை என்று துமினி முடிவு கட்டியிருந்தாள்.

காவல்காரர் கேட்டைத் திறந்ததும் ஒரே ஓட்டம். இரண்டாம் வகுப்புக்குள் பாய்ந்து, டீச்சர் மேஜைக்கு நேர் எதிர்ப் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள் துமினி. பின்னாலேயே எண்டா வந்தாள். இறால் குட்டை வைத்திருக்கிறவள். குட்டையின் அக்கரைவரை கேட்கிற குரல்.

"ஏம்மா, நான் வாசல்லேருந்தே செருப்ப வீசி இடம் பிடிச்சிட்டேன்ல!"

"அப்ப உங்க செருப்பையே படிக்கச் சொல்லுங்கக்கா. நான் எந்திரிக்க மாட்டேன்."

"வாயப் பாரு! உம் பொண்ணுக்கு இதுல பாதி இருந்தா போதுமே!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். துமினிக்குச் சுருக்கென்றது. பெஞ்சு இரண்டு பேருக்கானதுதான் என்பதால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். எண்டா முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து ஒரு வாழைப்பழப் பஜ்ஜியை நீட்டினாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே துமினி மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.

ஆறரைக்குப் பக்கத்து வீட்டுக்காரி லராஸைக் கொண்டுவந்து விட்டாள். சிவப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல். துமினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வா கண்ணு, உக்காரு. யாருக்கும் கிடைக்காத இடம்!"

லராஸ் உட்காரவில்லை. கடைசிப் பெஞ்சைப் பார்த்தாள். போன வருஷ வகுப்பு மாதிரியே இங்கேயும் அதன் பக்கத்தில் ஜன்னல்.

"இபு" என்று அம்மாவைக் கூப்பிட்டாள். "நான் அங்க உக்காந்துக்கிறேன்."

"அடியேய், நாலு மணிக்கு எந்திரிச்சு வந்திருக்கேன்டி! உக்காரு."

"மாட்டேன். இங்கேருந்து சந்து தெரியாது."

"சந்துல என்ன இருக்கு?"

"நீதான்."

துமினிக்கு முதலில் விளங்கவில்லை. லராஸ் பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "பத்து மணிக்கு அந்தச் சந்து வழியாத்தான சைக்கிள்ல போவ? காயப்போட்ட அப்பளத்தத் திருப்பிப் போட. நான் தினமும் பாப்பேன். பேசிட்டிருந்தா விட்டுப் போயிரும். அதான் பேச மாட்டேன்."

துமினி மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். ஒரு வருஷம் முழுக்க, தலையைக் குனிந்துகொண்டு, வெயிலைத் திட்டிக்கொண்டு, அந்த ஜன்னலை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்காமல் போயிருக்கிறாள். அவள் வேலை பார்த்த அந்த இறால் அப்பளக் களத்தை இந்த லீவில்தான் மூடிவிட்டார்கள். இப்போது அவளை ஏற்றிக்கொண்டு ஷூ கம்பெனி வேன் பைபாஸில் போகிறது.

'ஆமாம் கண்ணு, வருவேன், பார்த்துக்கொண்டிரு' என்று சொல்லிவிடலாம்போல நாக்கு துடித்தது. சொன்னால் பிள்ளை இந்த வருஷமும் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், வராத ஒருத்திக்காக.

"இபு இனிமே அந்த வழியா வர மாட்டேன்டா. வேலை வேற இடம். ரோடும் வேற."

"எப்பவாச்சும்?"

"இல்ல கண்ணு. சாயங்காலம் வீட்டுலதான் பாக்கலாம்."

லராஸ் கொஞ்ச நேரம் கடைசி ஜன்னலைப் பார்த்தாள். அழுவாள் என்று துமினி கையை நீட்டினாள். அவள் அழவில்லை.

"அப்ப இங்கயே உக்காந்துக்கிறேன்" என்று பையைக் கழற்றி முன் பெஞ்சில் வைத்தாள்.

கொடியேற்றம் முடிந்து பெற்றோர்களை வெளியே அனுப்பினார்கள். வேன் போய்விட்டதால் பஸ் நிறுத்தத்துக்குப் போக வேண்டிய துமினியின் கால்கள் பின்பக்கச் சந்துக்குப் போயின. எட்டிப் பார்த்தால் ஜன்னல் வழியாக வகுப்பு தெரிந்தது. டீச்சர் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"லராஸ்!"

"இருக்கேன், இபு குரு!"

டீச்சரம்மாவுக்குச் சொன்ன பதில் சந்துவரைக்கும் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எண்டாவின் மகள் அவள் காதில் ஏதோ சொல்ல, லராஸ் பதிலுக்கு என்னவோ சொன்னாள். இரண்டும் குலுங்கிச் சிரித்தன. துமினி ஆசைப்பட்டது நடந்துவிட்டது. மணி எட்டரை, இப்போதே ஓடினால்தான் ஒன்பதுக்குள் கம்பெனிக்குப் போக முடியும். துமினி நகரவில்லை. 'ஒரே ஒரு தடவை திரும்பிப் பாரேன்டி' என்று அந்த இரட்டைப் பின்னலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.