ஓட்டம் கம்மி

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், மாடிப்படிக்குக் கீழே இருந்த லேபில், லோகேஷ் விந்து எடுத்துக் கொடுத்த டப்பா மேசையைவிட்டுத் தானே இறங்கி வாசல்வரை நடந்துபோனது. லேப் வேலை பார்த்த வர்ஷா அதைத் தூக்கிவந்து, மூடிமேல் ஒரு பேப்பர் வெயிட்டை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். பக்கத்தில் மதுரைவீரனின் டப்பா வைத்த இடத்திலேயே கிடந்தது.

சோதிக்க வேண்டியது மதுரைவீரனுக்குத்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவனுக்கும் சுதாவுக்கும் பிள்ளை இல்லை. சுதாவின் தங்கை பவ்யாவைக் கட்டியவன் லோகேஷ். சகலைக்குக் கூச்சமாக இருக்குமே என்று துணைக்கு வந்தவன், தானும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்வந்தான். இரண்டு பேருக்கும் சென்னீர்குப்பத்தில் ஷேர் ஆட்டோ தொழில்.

வர்ஷா மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னாள்: "அண்ணா, உங்களுக்கு ஓட்டம் ரொம்பக் கம்மி." உயிரணுக்கள் நீந்திப் போவதை அவள் சொன்னாள். மதுரைவீரனுக்கு ஓட்டம் என்றால் வண்டி ஓட்டம்.

"ஆமாம்மா, பொம்பளைங்களுக்கு பஸ்சு ஃப்ரீ உட்டதுலேர்ந்தே கம்மிதான். அத்த இன்னாத்துக்கு நீ கேக்குற?"

லோகேஷ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஸ்டாண்டில் போய்ச் சொல்லியும் சிரித்தான். மனதில் வஞ்சகம் கிடையாது, வாய்தான் நிற்காது. அதற்குப் பிறகு "இன்னா மாமே, ஓட்டம் எப்டி கீது?" என்று கேட்காமல் யாரும் மதுரைவீரனுக்கு டீ வாங்கித் தரவில்லை.

அவன் வயிற்றில் எரிந்த பொறாமை வெளியே வந்து வேலை செய்ய ஆரம்பித்தது. அவன் வந்து உட்கார்ந்தால் ஃபேன் நின்றது. அடுப்புப் பக்கம் போனால் பொங்க வந்த பால் அடங்கியது. நெமிலிச்சேரி ஸ்டேஷனில் அவன் பிளாட்பாரத்தைவிட்டு இறங்கும்வரை மின்சார ரயில் கிளம்பவில்லை; ரயில்வேக்காரர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டதால் அந்தப் பக்கம் போவதையே விட்டான். லோகேஷின் வண்டியோ டீசல் இல்லாமலே ஆவடி போய்த் திரும்பியது.

"டாக்டரம்மா திருப்பி லேபுல டெஸ்டுக்குக் குடுக்கச் சொல்லிக்கீறாங்க. மாத்திரை கீது. இன்னாய்யா கேவலம் இதுல?" என்றாள் சுதா.

அவன் போகவில்லை. சுதா தங்கை வீட்டுக்குப் போய் அந்த ஆம்பளையைப் பார்த்துவிட்டு வந்து அதே கண்ணால் தன்னைப் பார்ப்பாளே, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. லோகேஷ் வீடு இருக்கிற பாரிவாக்கம் பக்கம் காலை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். சுதா வைக்கவில்லை. அவனோடு பேசுவதையும் நிறுத்திக்கொண்டாள்.

பவ்யாவுக்குப் பெண் பிறந்தது. பிறந்த அன்றே எழுந்து ஓடியது. நர்சுகள் வராண்டாவில் துரத்திப் பிடித்தார்கள். பால் குடிக்க நிற்காமல், தூங்க நிற்காமல், குழந்தை நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே ஓடியது. கடைசியில் லோகேஷ் மதுரைவீரன் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"சகல, உன் கால்ல உழறேன். நீ தொட்டா எல்லாம் நிக்குதாமே. வந்து கொஞ்சம் தூக்கேன்."

"இப்ப மட்டும் என் ஓட்டம் கம்மி இனிக்குதா?"

சுதா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். பல மாதம் கழித்து அவள் வாய் திறந்தாள். "நான் போறேன். நீ வர்லன்னா, இந்த ஊட்டுக்கு நானும் வர மாட்டேன்."

மதுரைவீரன் அவள் பின்னால் போனான். கட்டிலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த குழந்தை அவன் காலில் வந்து முட்டியது. குனிந்து தூக்கினான். கொட்டாவி விட்டது. அவன் அதன் தலையில் கைவைத்திருக்க, பவ்யா பால் கொடுத்தாள். குடித்துவிட்டு முதல்முறையாகத் தூங்கியது.

அப்புறம் அவன் லேபுக்கும் போய்வந்தான். ஓட்டம் அப்படியேதான் இருந்தது. சுதா கேட்டுக்கொண்டு உலை வைத்தாள். பகலெல்லாம் குழந்தை அவர்கள் வீட்டில். சாயங்காலம் லோகேஷ் வந்து கையை நீட்டுவான், அது பெரியப்பா தோளைவிட்டு நகராது.

"தூங்குது சகல. அப்பால வா."

லோகேஷ் வாசலில் நின்று எரிகிற கண்ணால் பார்ப்பான். அந்தக் கண்ணை மதுரைவீரனுக்கு நன்றாகத் தெரியும். உள்ளே வந்து உட்காரச் சொல்வான். உட்கார்ந்ததும் லோகேஷின் பேச்சும் நின்றுபோகும்.